குகன் சேரின் கீறிட்ட இடங்கள்

போன வாரம் ஒரு தம்பி தொலைபேசியில் அழைத்தார். நான் ஓய்வு பெற்ற பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் அதிகாரி. "மேடம், உங்கட காலத்துச் சவால்களப் பத்திக் கொஞ்சம் சொல்ல ஏலுமா?" என்று தொடங்கினார். சவால் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கொட்டாவி வரும். மேடையில் பொன்னாடை போர்த்துவதற்கு முன்னால் சொல்கிற சொல் அது. "தம்பி, சுத்தி வளைக்காமக் கேளுங்க. என்ன வேணும்?" என்றேன்.

அவருக்கு வேண்டியது ஒரேயொரு வரியின் கதை. திறந்த கல்வி வளங்களுக்கென்று நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு வழிகாட்டி இருக்கிறது. அதில் சமத்துவம், பகிர்வு, வாய்ப்பு என்று பெரிய பெரிய சொற்களாக வரும். நடுவில் ஒரு வரி மட்டும் வகுப்பு மொனிட்டர் மாதிரி முறைத்துக்கொண்டு நிற்கும். கீறிட்ட இடங்களை வைத்துக்கொண்டு யாரும் பாடக்குறிப்பு தரக்கூடாது, தந்தால் விடையையும் சேர்த்தே தரவேண்டும் என்பது அதன் சாரம். "இத யார் மேடம் போட்டது? கொழும்புல கேட்டா ஒருத்தருக்கும் தெரியல்ல" என்றார் தம்பி. போட்டது நாங்கள்தான். தொலைபேசியில் சொல்லி முடிக்கிற கதையில்லை என்பதால், குண்டசாலை வீட்டு முன்னறையில் கதிரையை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன்.

திறந்த கல்வி வளம் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஓர் ஆசிரியர் செய்த பாடக்குறிப்பை இன்னோர் ஆசிரியர் கேட்காமலே எடுக்கலாம், பிரதி பண்ணலாம், தன் வகுப்புக்கு ஏற்ற மாதிரி மாற்றலாம். செய்தவரின் பெயரை மட்டும் போட்டுவிட வேண்டும். நாடு முழுக்க இதைக் கொண்டுபோவதற்கு முன் சில இடங்களில் செய்து பார்க்கலாம் என்று மேலே தீர்மானித்தார்கள். கண்டியில் தமிழ்மொழிமூலப் பக்கத்தைப் பார்க்க ஆள் தேவைப்பட்டபோது என்னைப் பிடித்துப் போட்டார்கள். தோட்டத்துப் பள்ளியில் படித்து, பயிற்சிக் கலாசாலைக்குப் போய், கணித ஆசிரியையாக மலைமலையாக ஏறி இறங்கி, பிறகு ஆசிரிய ஆலோசகராகி, வாய் கொஞ்சம் நீளம் என்று பெயரெடுத்திருந்தேன். இந்த வேலைக்கு அந்த வாய்தான் தகுதி என்று நினைத்திருப்பார்கள்.

பிரிவு என்று பேர். ஓர் அறை, இரண்டு மேசை, பூட்டினால் திறக்காத ஒரு அலுமாரி. என்னோடு ரிஸானா இருந்தாள். கெலிஓயாப் பிள்ளை. கணினி வேலை முழுக்க அவள் கையில். எங்கள் இருவருக்கும் மேலே பணிப்பாளர் ஹேரத் சேர்.

ஹேரத் சேரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சிங்களவர், உத்தியோகத்தின் தொடக்கத்தில் ஹட்டனில் இருந்தபோது பிடித்துக்கொண்ட தமிழ் அவருடையது. தைரியமாகப் பேசுவார். எந்தக் கோப்பைக் கொண்டுபோய் வைத்தாலும் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அதிலும் கடைசி வரியில் இருந்து மேல்நோக்கிப் படிப்பார். முதல் நாள் நான் அவர் கோப்பைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார் என்று நினைத்து, நேராக வைக்கக் கையை நீட்டிவிட்டேன். "வேண்டாம் மிஸ். மேல எழுதுறப்ப எல்லாரும் நல்லவங்க. கீழ வர்றப்பதான் களைச்சிப் போய் உண்மைய எழுதுவாங்க" என்றார்.

படித்து முடித்ததும் கருப்பட்டித் துண்டைக் கடித்து ஒரு மிடறு பாலில்லாத பிளேன்டி குடிப்பார். பிறகு எல்லாக் கோப்புக்கும் ஒரே கேள்விதான். "இதுனால யாருக்குக் கோவம் வரும்?" யாருக்கும் வராது சேர் என்று சொன்னால் கோப்பு திரும்பி வரும். கோபம் வராத வேலையால் ஒரு பிரயோசனமும் இல்லை, போய்த் தேடிக்கொண்டு வாங்க என்பார். இன்னாருக்கு வரும் என்று பெயர் சொன்னாலும் கையெழுத்து விழாது. முதலில் அந்த ஆளைப் போய்ச் சந்தித்து, அவர் வாயால் ஏச்சு வாங்கிக்கொண்டு வரவேண்டும். அதற்குப் பிறகுதான் பேனையைத் திறப்பார். முப்பது பக்க அறிக்கை எழுதுவதை விட இது கஷ்டம். இப்போதைய பிள்ளைகள் பங்காளர் கலந்துரையாடல் என்று மண்டபம் எடுத்துச் செய்வதை அவர் பிளேன்டியோடு செய்து முடித்தார்.

எங்கள் முதல் அறிவித்தல் அவர் கையில் என்ன பாடு பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர்களே, உங்கள் குறிப்புகளைத் தாருங்கள், யாரும் எடுக்கலாம், யாரும் பிரதி செய்யலாம் என்று நான் உருகி உருகி எழுதியிருந்தேன். ஹேரத் சேர் வழமைபோல அடியில் இருந்து தொடங்கினார். உடனே கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "மிஸ், மேல 'எல்லாரும் எடுங்க'னு இருக்கு. கீழ 'எடுத்தா குத்தம்'னு இருக்கு. நான் எதுக்கு சைன் பண்ண?" வாங்கிப் பார்த்தால், பக்கத்தின் அடியில் தடித்த எழுத்தில் முழுப் பதிப்புரிமை உடையது என்றும், அனுமதியின்றிப் பிரதி செய்வது தண்டனைக்குரியது என்றும் அழகாக அச்சாகியிருந்தது.

ரிஸானா தலையில் கை வைத்தாள். "அல்லாஹ்வே! பழைய வினாத்தாள் பைலத் தொறந்து அதுலயே டைப் பண்ணினேன் மேடம். அடியில அது எப்பவும் ஈக்கிற வரி. கண்ணுக்கே படல்ல." அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இந்த நாட்டில் தவணைப் பரீட்சைத் தாளில் இருந்து அந்த வரியைப் பார்த்துப் பார்த்து எங்கள் எல்லோருக்கும் அது கடதாசியோடு சேர்ந்து வருகிற ஒன்றாகிப் போயிருந்தது. அந்த வரியை வெட்டிவிட்டு அறிவித்தலை அனுப்பினோம்.

நாங்கள் எதிர்பார்த்ததை விட அதிகமாகக் குறிப்புகள் வந்தன. சிலர் வாட்ஸ்அப்பில் போட்டார்கள், சிலர் பென்டிரைவில் கொண்டுவந்தார்கள், ஒருவர் கையால் எழுதிய குறிப்புக் கட்டை ஓர் அரிசிப் பையில் போட்டுக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நம்ம ஆட்கள் கொடுக்க மாட்டார்கள் என்று சொன்னவர்களை எல்லாம் மனதுக்குள் ஏசிக்கொண்டே ஒவ்வொன்றாகத் திறந்தோம். திறந்த பிறகுதான் பார்த்தோம், அத்தனையிலும் ஓட்டை.

இந்த நாட்டில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு டியூட் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். டியூஷன் வகுப்பில் சேர் கொடுக்கும் அச்சுக் குறிப்புதான் டியூட். அதில் எல்லாம் இருக்கும், ஆனால் முக்கியமான சொல் எதுவோ அந்த இடத்தில் ஒரு கீறு மட்டும் இருக்கும். அந்தச் சொல்லைச் சேர் வகுப்பில்தான் சொல்வார். வகுப்புக்கு வராதவன் நண்பனின் நிரப்பாத டியூட்டைப் பிரதி எடுத்தாலும் கையில் கீறுதான் மிஞ்சும். டியூஷன் சேர்மாருக்கு அது பூட்டு. வேடிக்கை என்னவென்றால், பூட்டுவதற்கு ஒன்றுமே இல்லாத பாடசாலை ஆசிரியர்களும் அதே மாதிரித்தான் அனுப்பியிருந்தார்கள். அவர்களும் டியூட்டில் படித்து வந்தவர்கள்தானே. குறிப்பு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று கை பழகியிருந்தது. ஆறாம் வகுப்புச் சுகாதாரப் பாடம் ஒன்றில், சாப்பிடுவதற்கு முன் கீறு கழுவ வேண்டும் என்று இருந்தது. ரிஸானா மேசையில் கவிழ்ந்து சிரித்தாள்.

ஒவ்வொருவராகத் தொலைபேசியில் பிடித்தேன். "டீச்சர், எல்லாருக்கும்னு குடுத்தீங்க, விடைய ஏன் வீட்டுல வச்சிட்டீங்க?" என்று கேட்டதும் பெரும்பாலானவர்கள் சிரித்துவிட்டு நிரப்பித் தந்தார்கள். தராமல் நின்றவர் ஒருவர்தான். குகன் சேர்.

குகன் சேர் யாழ்ப்பாணத்தில் இருந்து கண்டிக்குப் படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். உயர்தர இரசாயனவியல். நகரத்து மதில்களில் கையைக் கட்டிக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் சுவரொட்டி முகங்களில் அவருடையது முக்கியமானது. முழுப் பாடத்திட்டத்துக்கும் தமிழில் ஒழுங்கான டியூட் வைத்திருந்தவர் எங்கள் பக்கத்தில் அவர் ஒருவர்தான். அத்தனையையும் அவராகவே முன்வந்து தந்திருந்தார். பக்கத்துக்குப் பக்கம் பெயரும் கைபேசி எண்ணும் இருந்தன. நாடு முழுக்க இலவச விளம்பரம் என்று கணக்குப் போட்டிருப்பார். கணக்கில் பிழை சொல்ல முடியாது. சட்டப்படி எல்லாம் திறந்தே இருந்தது, கீறுகளைத் தவிர.

சரி, ஒருவர் தராவிட்டால் போகட்டும் என்று விட்டிருப்பேன். அந்த நேரம் பார்த்து பிலோமினா டீச்சர் வந்து சேர்ந்தார்.

பிலோமினா டீச்சர் தெல்தெனியவுக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் உயிரியல் படிப்பிப்பவர். அவருடைய அப்பா அதே தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். டீச்சர் மாதா கோவிலில் பாட்டுக் குழுவை நடத்துபவர் என்பதால் குரல் நாலு லயத்துக்கு, அதாவது நாலு வரிசைத் தோட்ட வீட்டுக்கு, கேட்கும். அந்தக் குரலோடு லயம் லயமாக ஏறி, அந்தப் பாடசாலையில் முதன்முதலாக உயர்தர விஞ்ஞான வகுப்பைத் தொடங்கியிருந்தார். ஐந்து பெண்பிள்ளைகள். உயிரியலை அவர் பார்த்துக்கொண்டார். பௌதிகவியலுக்குத் தொண்டராசிரியர் ஒருவர் கிடைத்தார். இரசாயனத்துக்கு ஆளே இல்லை. பள்ளித் தவணை முடிவதற்குள் இரசாயனத்துக்கு வழி காட்டாவிட்டால் வகுப்பை மூடி, பிள்ளைகளைக் கண்டி நகரத்துப் பாடசாலைக்கு மாற்றுவது என்று திணைக்களத்தில் தீர்மானமாகியிருந்தது.

"மாத்துறோம்னு சொல்றாங்க மிஸ். எங்க மாத்துறது? எங்க லயத்துல இருந்து தெல்தெனியவுக்கு வரவே விடியுது, அங்க இருந்து இன்னொரு பஸ்சு. பொழுது சாயத்தான் வீடு வரணும். ஒரு அப்பா அம்மாவும் அனுப்ப மாட்டாங்க. படிச்சது போதும், கார்மன்ட்ஸ்க்குப் போனு சொல்லிருவாங்க. நான்தான் வீடு வீடாப் போய் டாக்டர் ஆகலாம், டீச்சர் ஆகலாம்னு சொன்னேன். இப்ப அந்த மொகத்துல எப்புடிங்க முழிப்பேன்?"

அவர் எங்களைத் தேடி வந்தது குகன் சேரின் டியூட்டுக்காக. குறிப்புகளை நாங்கள் ஏற்றி வைத்த இணையதளத்தில் இருந்து இறக்கி எடுத்து, அதை வைத்துத்தான் அந்தப் பிள்ளைகள் தாங்களாகவே படித்துக்கொண்டிருந்தார்கள். "அந்தக் கோடு போட்ட எடத்துல என்ன வரும்னு மட்டும் சொல்லிக் குடுங்க மிஸ். மத்தத நாங்க பாத்துக்கிறோம்" என்றார்.

எனக்கு இரசாயனம் தெரியாது. தெரிந்தவர்களைத் தேடினேன். நகரத்துப் பாடசாலைகளில் இரசாயனம் படிப்பிக்கும் இரண்டு பேரைக் கேட்டேன். இருவரும் நல்லவர்கள், இருவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். இன்னொருத்தரின் டியூட்டில் எப்படி மிஸ் கை வைப்பது, நாளைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டாமா? உரிமம் இருக்கிறது, யாரும் மாற்றலாம் என்று தலைகீழாக நின்று சொன்னேன். சட்டம் அனுமதித்ததை மரியாதை அனுமதிக்கவில்லை. அரசாங்க வளநூல் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருந்தது, பிள்ளைகள் அதையும் வைத்திருந்தார்கள். ஆசிரியரே இல்லாத வகுப்பில் அதைப் பிரித்து விளக்க யார் இருக்கிறார்கள்?

கோப்போடு ஹேரத் சேரிடம் போனேன். நாங்களே ஒருவரை வைத்து நிரப்பிப் போட அனுமதி கேட்டேன். அடியில் இருந்து படித்தார், கருப்பட்டியைக் கடித்தார். "யாருக்குக் கோவம் வரும்?"

"குகன் சேருக்கு."

"ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி போட்டார். "அப்ப அவரப் பாத்திட்டு வாங்க."

குகன் சேரின் வகுப்பு நகரத்துக்குள் ஒரு கடைக்கு மேலே இருந்தது. நீளமான மண்டபம், முன்னால் ஒலிவாங்கி, பின்னால் பிள்ளைகள் இருக்கும் நீள வாங்குகள் முடிவில்லாமல் போயின. மரியாதையாகத்தான் வரவேற்றார். "இருங்கோ மிஸ், தேத்தண்ணி குடியுங்கோ" என்றார். நான் விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறவில்லை, குரல் மட்டும் கொஞ்சம் இறுகியது.

"மிஸ், நான் டியூட்டைத் தந்தது உண்மை. கீறை நிரப்பித் தாறன் எண்டு ஆருக்கும் சொல்லேல்லை. கீறுதான் மிஸ் என்ர வகுப்பு. அதைத் தந்திட்டு நான் இந்த மண்டபத்தில என்ன செய்யிறது, கூட்டிப் பெருக்கிறதோ?"

"அஞ்சு புள்ளைங்க சேர். உங்க கிளாஸுக்கு வர முடியாத புள்ளைங்கதான். உங்களுக்கு இதுல என்ன நட்டம்?"

"அஞ்சு பேருக்கெண்டு தந்தா ஐயாயிரம் பேருக்குப் போகும். நீங்கள்தானே ஆரும் எடுக்கலாம் எண்டு போட்டிருக்கிறியள். அதோட இன்னொண்டு. வெறும் விடையைக் குடுத்தா பிள்ளையள் பாடமாக்குவினம். பிழைவிட்டு, நான் திருத்தி, அப்பத்தான் அவைக்கு விளங்கும். கடதாசியில விடையை அடிச்சுக் குடுக்கிறது படிப்பிக்கிறது இல்லை மிஸ்."

எனக்கு நல்ல கோபம். படியிறங்கும்போது அவருடைய சுவரொட்டி முகத்தைப் பார்த்து இரண்டு வார்த்தை சொன்னேன், இங்கே எழுத முடியாது. ஆனால் அவர் கடைசியில் சொன்னது பஸ்ஸில் வரும்போதெல்லாம் மனதைக் குடைந்தது. படிப்பித்தவள் என்ற முறையில் அதில் உண்மை இருப்பது எனக்குத் தெரிந்தது, அதனால் கோபம் இன்னும் கூடியது. ஏச்சு வாங்கினீங்களா என்று ஹேரத் சேர் கேட்டார். தேநீரும் வாங்கினேன் என்றேன். இன்னொரு தடவை போங்க என்று கோப்பைத் திருப்பித் தந்தார்.

பிலோமினா டீச்சரிடம் இன்னும் நடக்கவில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. நாலு லயத்துக்குக் கேட்கிற குரல் அன்று எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "புள்ளைங்க சும்மா இருக்கல மிஸ். அவங்களாவே யோசிச்சு எல்லாக் கோட்டுலயும் எழுதிட்டாங்க. சரியா பிழையானு பாக்கத்தான் ஆளில்ல. அதயாச்சும் யாருக்கிட்டயாவது காட்டுங்க" என்றார். மறுநாள் தெல்தெனிய பஸ் கண்டக்டர் கையில் ஒரு பொதி வந்தது. எங்கள் பக்கத்தில் மருந்தும் மரக்கறியும் இப்படித்தான் வரும், டியூட்டும் அப்படியே வந்தது.

நானும் ரிஸானாவும் மேலோட்டமாகப் புரட்டினோம். ஒரு கீறும் காலியாக இல்லை. உருண்டை எழுத்து, சாய்ந்த எழுத்து, எறும்பு போன எழுத்து என்று ஐந்து கையெழுத்தும் மாறி மாறி இருந்தன. ஒன்றும் விளங்காமல் அப்படியே கட்டிக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை குகன் சேரின் மண்டபத்துக்குப் போனேன். விடை கேட்கப் போகவில்லை. இப்படி ஐந்து பேர் இருக்கிறார்கள் என்பதை அவர் கண்ணால் பார்க்கட்டும் என்றுதான் போனேன்.

ஒரு வகுப்பு முடிந்து அடுத்த வகுப்புப் பிள்ளைகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும், "மிஸ், நான் சொன்னன்தானே" என்று தொடங்கினார். நான் பொதியைப் பிரித்து முதல் டியூட்டை மேசையில் வைத்தேன். அவர் கண் தானாகவே அதில் விழுந்தது. சமநிலைப் பாடம். சமநிலையில் இருக்கும் ஒரு தொகுதியில் மாற்றம் ஒன்றைச் செய்தால், அந்த மாற்றத்தை எதிர்க்கும் பக்கமாக அது நகரும் என்று வரவேண்டிய இடம். எதிர்க்கும் என்ற சொல்தான் கீறு. பிள்ளை அதில் வரவேற்கும் என்று எழுதியிருந்தது.

"வரவேற்கிறதோ!" என்று கத்திவிட்டார் குகன் சேர். "என்ன, கலியாண வீடோ இது? பன்னீர் தெளிச்சு வரவேற்க?" பேசிக்கொண்டே சட்டைப் பையில் இருந்து சிவப்புப் பேனையை எடுத்தார். வெட்டினார். மேலே எதிர்க்கும் என்று எழுதினார். கை அத்தோடு நிற்கவில்லை. பக்கத்தில் ஏன் எதிர்க்கிறது என்று இரண்டு வரி எழுதினார். அடுத்த கீறுக்குப் போனார். அது சரி, ஒரு சரி அடையாளம் போட்டார். அதற்கடுத்தது, இரசாயனத் தாக்கத்தை வேகப்படுத்தும் ஊக்கி, தாக்கத்தின் முடிவில் என்னவாகும் என்ற இடம். மாறாமல் இருக்கும் என்பது விடையாம். களைத்துவிடும் என்று எழுதியிருந்தது எறும்பெழுத்து. "களைக்கிறதோ! பாவம், அதுக்கொரு சோடா வாங்கிக் குடுங்கோ" என்று திட்டிக்கொண்டே திருத்தினார்.

நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்தது அன்று மட்டும்தான். பிழையான விடை ஒன்று கண் முன்னால் திருத்தாமல் கிடந்தால் ஓர் ஆசிரியரால் பொறுக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். கலியாண அழைப்பிதழில் எழுத்துப் பிழை கண்டால் நானே பேனையைத் தேடுவேன். வகுப்பு நிறைந்துவிட்டது. பிள்ளைகள் இருமிக்காட்டினார்கள். அவர் நிமிரவில்லை.

கடைசி டியூட்டில் ஓரிடத்தில் பேனை நின்றது. பிறகு தாளை என் பக்கம் திருப்பினார். ஒரு கீறின் மேல் பென்சிலால் பொடியாக எழுதியிருந்தது, நாங்கள் புரட்டும்போது கண்ணில் படாதது. சேர், இந்த இடத்தில் நீங்கள் சொன்னது எங்களுக்குக் கேட்கவில்லை. தயவுசெய்து இன்னொரு தடவை சொல்லுங்கள்.

அந்த மண்டபத்தின் கடைசி வாங்கில் இருந்து ஒரு பிள்ளை எழுந்து கேட்கிற மாதிரியேதான் கேட்டிருந்தார்கள்.

"ஆர் மிஸ் இந்தப் பிள்ளையள்?" என்றார். மறந்துபோய்க் கேட்கவில்லை, அது எனக்கு விளங்கியது.

"நீங்கதான் சேர் அவங்களுக்குச் சேர். வேற யாரும் இல்ல."

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "உதை விட்டிட்டுப் போங்கோ" என்று பொதியைக் காட்டி மட்டும் சொன்னார். பிறகு ஒலிவாங்கியை எடுத்து, "மன்னிக்கோணும் பிள்ளையள், கடைசி வாங்குக்குக் கொஞ்சம் சந்தேகம்" என்று வகுப்பைத் தொடங்கினார்.

அந்த வாரமே எங்கள் அறைக்கு நேரில் வந்தார். முழுப் பாடத்திட்டமும் சிவப்பில் நிரம்பியிருந்தது. பிள்ளைகளின் பிழைகளை அழிக்கவில்லை. வெட்டி, சரியானதை எழுதி, அது ஏன் பிழை, அப்படி நினைக்க எது காரணமாக இருந்திருக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் எழுதியிருந்தார். "இப்பிடியே போடுங்கோ. துப்புரவா அடிச்சுப் போட்டா ஒருத்தருக்கும் விளங்காது" என்றார். பிலோமினா டீச்சர் மூலம் பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் சம்மதம் கேட்டோம். பெயர் வேண்டாம், பிழைகளை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியனுப்பினார்கள். ரிஸானா ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் பண்ணி எடுத்தாள். களைத்துவிடும் என்ற இடத்தில் மட்டும் ஒவ்வொரு தடவையும் சிரித்தாள்.

ஹேரத் சேர் அடியில் இருந்து படித்தார். அடியில் குகன் சேரின் கைபேசி எண் அப்படியே இருந்தது. "இப்ப யாருக்குக் கோவம் வரும்?"

"மத்த டியூஷன் சேர்மாருக்கு."

"பாத்தீங்களா?"

"அவங்கள தான் பாத்துக்கிறதாகக் குகன் சேர் சொல்லிட்டாரு."

அன்றைக்குத்தான் ஹேரத் சேர் என்னை ஏச்சு வாங்க அனுப்பாமலே பேனையைத் திறந்தார். கொழும்புக் கூட்டத்தில் எங்கள் அனுபவத்தை அவரே சொன்னார், வழிகாட்டியில் அந்த வரியும் ஏறியது. தம்பி, உங்கள் கேள்விக்குப் பதில் இதோடு முடிந்தது. ஆனால் அந்தப் பிள்ளைகளின் வகுப்பு அப்போதும் முடிவாகவில்லை.

டியூட் இருக்கிறது என்பதற்காக ஆசிரியர் இல்லாத வகுப்பை நடத்தலாமா? அந்த முடிவைத் திணைக்களம் ஹேரத் சேரிடம் விட்டிருந்தது, தவணை முடிவில் அவரே நேரில் போய்ப் பார்த்துத் தீர்மானிப்பதாக இருந்தது. நானும் கூடப் போனேன். வண்டி ஏற ஏற, விக்டோரியா நீர்த்தேக்கம் கீழே ஒரு வளைவுக்குத் தெரிந்தது, அடுத்த வளைவில் காணாமல் போனது. வாசலில் பிலோமினா டீச்சர் நின்றிருந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு உடுத்தும் சேலை. கையில் செபமாலை இருந்ததை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.

வகுப்பில் ஐந்து பிள்ளைகளும் எழுந்து வணக்கம் சொன்னார்கள். ஹேரத் சேர் டியூட்டைக் கேட்டு வாங்கி, வழமைபோல கடைசிப் பக்கத்தில் தொடங்கினார். அதில் சிவப்பைத் தவிரப் புதிதாகப் பென்சிலும் நிறைய இருந்தது. பிள்ளைகள் அடுத்த சந்தேகங்களை எழுதி, டீச்சர் படம் பிடித்து அந்தக் கைபேசி எண்ணுக்கு அனுப்ப, பதில்கள் வந்துகொண்டிருந்தன. எனக்கே அது தெரியாது.

"உங்களுக்கு யாரு ரசாயனம் படிச்சிக் குடுக்கிறது?" என்று கேட்டார் ஹேரத் சேர்.

ஐந்து பேரும் ஒரே குரலில், "குகன் சேர்" என்றார்கள்.

"நல்ல சேரா?"

"ரொம்ப ஏசுவாரு சேர். ஆனா நல்லா வெளங்கும்" என்றாள் முன்னால் நின்றவள்.

"எந்தெந்த நாள்ல வருவாரு?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "வந்ததே இல்லங்க சேர்" என்றாள் அவள். "நாங்க இன்னும் அவர பாக்கல்ல."

ஹேரத் சேர் டியூட்டை மூடினார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. பிறகு பிலோமினா டீச்சரிடம், "இந்த கிளாஸ மூடினா எனக்கே கோவம் வரும் டீச்சர். நடத்துங்க" என்றார். டீச்சர் அந்த இடத்திலேயே முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார். பிள்ளைகள் என்ன நடந்தது என்று தெரியாமல் அப்படியே நின்றார்கள்.

திரும்பி வரும் வழியில் தெல்தெனிய கடைவீதியில் வண்டியை நிறுத்தி, குகன் சேரை அழைத்து நடந்ததைச் சொன்னேன். வகுப்பு தப்பிவிட்டது என்று சொன்னபோது, ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகள் கடைசியில் சொன்னதைச் சொன்னபோது அந்தப் பக்கம் சத்தமே இல்லை. தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்து, "சேர், கேக்குதா?" என்றேன்.

"கேக்குது மிஸ்" என்றார். "தெல்தெனியவுக்கு எந்த பஸ்ஸில ஏறுறது?"